கெட்ட காலத்துக் கையெழுத்து

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் வரிசையாக ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் திருச்சிதான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் பெட்டி கட்டுகிற ஆள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்கள் இங்கே நிறைய. அந்த வாரம் டீக்கடைப் பேச்சில் அதிகம் திட்டு வாங்கியவர்கள் விமானிகள். ‘லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவனுக்கு ரெஸ்ட் வேற கேக்குதா?’ என்பதுதான் பேச்சின் சாரம்.

அவர்கள் கேட்டது என்ன? வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரம் ஆக வேண்டும். ஒரு வாரத்தில் ஆறு வரை அனுமதிக்கப்பட்ட இரவுத் தரையிறக்கம் இரண்டாகக் குறைய வேண்டும். இது சங்கத்தின் ஆசை அல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே 2024 ஜனவரியில் வெளியிட்ட விதி. விமான நிறுவனங்கள் மறுத்ததால் தள்ளிப்போய், விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறிய பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆள் எடுத்துத் தயாராவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தது. நிறுவனம் தயாராகவில்லை. நெருக்கடி முற்றியதும் தளர்ந்தது விதி. இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கிடைத்தது.

நிறுவனத்துக்குக் கஷ்டம் என்றால் தொழிலாளி பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் முதலில் தளரும். எரிபொருள் விலை ஏறினாலும், கடன் கழுத்தை நெரித்தாலும், கொள்ளைநோய் வந்தாலும் விமானிகள் முன்னால் வைக்கப்படும் வாக்கியம் ஒன்றுதான்: காலம் சரியில்லை, கம்பெனி பிழைத்தால்தான் நீங்களும் பிழைப்பீர்கள். டெல்டாக்காரர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. களத்துமேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வாக்கியம். ஆகவே விமானிகளின் ஒப்பந்தச் சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இருக்கிற அனுபவம் மும்பைக்காரர்களுக்குக்கூட இருக்காது. டீக்கடை அதை மறந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

விமானி எங்கே, நடவாள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒருவருடைய மாதச் சம்பளம் இன்னொருவருடைய பல வருடக் கூலியைத் தாண்டும். பசியில் பேரம் பேசுவதும் வீட்டுக் கடன் தவணையை நினைத்துக்கொண்டு பேரம் பேசுவதும் ஒன்றல்ல. நான் சம்பளத்தை ஒப்பிடவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ‘நஷ்டம்’ என்று சொல்லும்போது அந்த நஷ்டம் யாருடையது, அதை யார் ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள் என்ற கணக்கைத்தான் ஒப்பிடுகிறேன்.

பழைய தஞ்சை மாவட்டத்தின் அறுவடைக் கூலி பணத்தில் இல்லை, நெல்லில் இருந்தது. கண்டுமுதலில் கலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வயல் நன்றாக விளைந்தால் களத்தில் கலம் கூடும், கூலியும் கூடும். புகையான் அடித்தாலோ கடைமடைக்குத் தண்ணீர் வராமல் கதிர் பதராகப் போனாலோ கலம் குறையும், கூலியும் குறையும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல், எந்தச் சங்கமும் சம்மதிக்காமல், நஷ்டத்தில் தொழிலாளியின் பங்கு களத்திலேயே பிடிக்கப்பட்டுவிடும். அதற்கு மேலேதான் ‘இந்த வருஷம் சரியில்லை, பார்த்துப் பண்ணு’ என்ற பேச்சு வரும். முதல் பிடித்தம் கணக்கில் வராது. இரண்டாவது பிடித்தத்துக்கு மட்டும் பெருந்தன்மை கேட்பார்கள்.

அளவிலும் விஷயம் இருந்தது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகள் உண்டு. முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது விவசாயிகள் சங்கம் எழுப்பிய தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று. கூலியைக் கூட்டு என்று கேட்பதற்கு முன்பே அளக்கும் கருவியைச் சரிசெய் என்று கேட்டார்கள். நஷ்டக் கணக்கைக் காட்டு என்று இன்றைய விமானி கேட்பதும் அதே கேள்விதான்.

தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் 1943-ல் இந்தப் பகுதிக்கு வந்து தென்பரையில் செங்கொடி ஏற்றியதிலிருந்து சங்கத்தின் கதை தொடங்குகிறது. பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். சவுக்கடியும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் தண்டனையாக இருந்த காலம். 1944-ல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களும் சங்கத்தாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தண்டனைகளை நிறுத்துவது அதில் ஒரு பகுதி. உடம்பை அடிக்காதே என்பதை ஒரு கூலி ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1948-ல் மாயவரம் ஒப்பந்தம். நாட்டின் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் முத்தரப்புப் பேச்சு என்பது பழகாத காலத்தில், கோவணம் கட்டிய கூலியாட்களின் பிரதிநிதிகள் மிராசுதார்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு 1952. ராஜாஜி முதலமைச்சர். தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் ஆகஸ்டில் வந்து அதே வருடம் சட்டமானது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளுக்குச் சட்டப்படியான கூலி. தகராறைத் தீர்க்கச் சமரச அதிகாரி. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. கம்யூனிஸ்டுகளைப் பரம எதிரியாகப் பேசிய ஒரு முதலமைச்சர், அவர்கள் பத்து வருடமாகக் கேட்டதில் ஒரு பகுதியைச் சட்டமாக்கினார். அரசியலில் இப்படியும் நடக்கும்.

சட்டம் வந்ததும் நடந்ததுதான் முக்கியம். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்றால் பண்ணையாளே வேண்டாம் என்று பல மிராசுதார்கள் முடிவு செய்தார்கள். வருடம் முழுக்க ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர் தினக்கூலியானார். அடிமைத்தனத்தின் கயிறு அறுந்தது. அது பெரிய விடுதலை. ஆனால் நாற்றங்கால் முதல் அறுப்பு வரை வேலை உண்டு என்ற உறுதியும் அதோடு போனது. காகிதத்தில் கூலி உயர்ந்தது, வேலை நாள் குறைந்தது.

இதே கணக்கை 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகள் போட்டுப் பார்த்தார்கள். ஏர் இந்தியாவுடன் இணைப்பு நெருங்கிய நேரம். அதுவரை மாதத்துக்கு 70 மணி நேரம் பறந்ததாக வைத்துக்கொண்டு உறுதிச் சம்பளம். புதிய ஒப்பந்தத்தில் அது 40 மணி நேரம். அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. பறக்க விமானம் கொடுப்பது நிறுவனத்தின் கையில். விமானிகள் வராமல் விமானங்கள் ரத்தானபோது சம்பள வெட்டு என்று செய்தி வந்தது. உண்மையில் வெட்டப்பட்டது அந்த 70 மணி நேர உறுதிதான். சந்தை படுத்தால் அந்தச் சுமை முதலில் யார் தலையில் இறங்கும் என்பதை அந்த 40 முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. கலத்துக்கு இவ்வளவு என்பதும் மணிக்கு இவ்வளவு என்பதும் தூரத்துச் சொந்தம் அல்ல, பங்காளிகள்.

கெட்ட காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கெட்டதாக இருப்பதும் இல்லை. 1960-களின் நடுவில் தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அண்ணா பதவிக்கு வந்த கையோடு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்க வேண்டியிருந்தது. அரிசி வாங்குகிறவனுக்கு அது பஞ்ச காலம். நெல் விற்கிறவனுக்கு? விலை ஏறியிருந்தது. நாட்டில் முதலாவதாகத் தீவிர விவசாயத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் தஞ்சை ஒன்று. உரமும் கடனும் வந்துகொண்டிருந்தன. ஆடுதுறை 27 குறுவையில் கண்டுமுதலைக் கூட்டியது. பொதுவில் எல்லோரும் பஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கீழத்தஞ்சையில் நிலம் வைத்திருந்தவரின் கை ஓங்கியிருந்தது. அப்போது சங்கம் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல்.

பதிலுக்கு வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் பச்சைக் கொடியை ஏற்று என்றார்கள். அரைப்படி நெல்லைக் கொடுத்துவிட்டால் ஒரு மிராசுதாரின் குடி மூழ்கிவிடாது, கொடிதான் தகராறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அத்தனை பேரும் தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் முதல் குற்றவாளியாக நின்ற கோபாலகிருஷ்ண நாயுடு அந்த நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர். 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் விடுவித்தது. பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. படுகொலைக்குப் பிறகுதான் கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. அதன் பிறகு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். ஒரு கூலிச் சட்டத்துக்கு இந்த நாடு கொடுத்த விலை அது.

இதையும் விமானிகளின் கதையையும் ஒரே தட்டில் வைத்தால் வெண்மணியில் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. வைக்கவில்லை. ஆனால் சண்டையின் மையம் எது என்று பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்து ஐந்து நாள் பறக்காமல் இருந்தார்கள். உலகப் பொருளாதாரச் சரிவின் வருடம், பல விமான நிறுவனங்கள் நஷ்டத்தில். சம்பளத்துக்காகத்தான் என்று பலர் நினைத்தார்கள். சங்கம் அமைத்ததில் முன்நின்ற இரண்டு விமானிகளை நிறுவனம் நீக்கியிருந்தது, அதுதான் பிரச்சினை. அவர்களைத் திரும்பச் சேர்த்ததும் விமானங்கள் பறந்தன. கெட்ட காலத்தில் முதலாளி தரப்புக்குக் கூலியைவிடப் பெரிய செலவாகத் தெரிவது கேள்வி கேட்கும் அமைப்பு.

சங்கங்களும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்ட பிறகு இரண்டு பக்கத்து விமானிகளுக்கும் இரண்டு சங்கம், இரண்டு சம்பளம். 2011-ல் ஒரு சங்கம் சம சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. 2012-ல் இன்னொரு சங்கம், ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி மற்ற பக்கத்து விமானிகளுக்கும் போகிறதே என்று 58 நாள் நிறுத்தியது. கடனில் முழுகிக்கொண்டிருந்த, மக்கள் வரிப்பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நிறுவனத்தில் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வாய்ப்பைத் தடுக்க நடத்திய போராட்டம் அது. இதை நியாயப்படுத்த என்னிடம் வார்த்தை இல்லை.

விட்டுக்கொடுத்தவர்கள் கதி என்ன? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2003 ஏப்ரலில் திவாலின் விளிம்பில் நின்றது. விமானிகள் மட்டும் ஆண்டுக்கு 66 கோடி டாலர் அளவுக்குச் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டு வாக்களித்தார்கள். வாக்குப்பதிவு முடிகிற நேரத்தில், உயர் அதிகாரிகளுக்குத் தனியாக ஊக்கத்தொகையும், திவாலானாலும் கைவைக்க முடியாதபடி ஓய்வூதிய நிதியும் ஒதுக்கியிருந்தது வெளியே வந்தது. தலைமைச் செயல் அதிகாரி டான் கார்ட்டி அந்த மாதமே பதவி விலகினார். நம் ஊரில் ஜெட் ஏர்வேஸ் 2019. மாதக்கணக்கில் சம்பளம் வராத விமானிகள் ஏப்ரல் 1 முதல் பறக்க மாட்டோம் என்றார்கள். பிறகு 15 வரை பொறுத்தார்கள். 14-ஆம் தேதி மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 17 இரவு நிறுவனமே நின்றுவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவிட்டது. பொறுமைக்கு எழுத்துப்பூர்வமாக எதையும் வாங்காதவர்கள் கடன்காரர்களின் வரிசையில் போய் நின்றார்கள்.

நஷ்டம் இறங்கும் வழி ஒன்று, நிவாரணம் இறங்கும் வழி வேறு. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. சம்பா கருகிய டெல்டாவில் நிவாரணம் ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்தவருக்கு வந்தது. வர வேண்டியதுதான், அவரும் நொடித்துப் போயிருந்தார். அதே வயலில் களை எடுக்கவும் அறுக்கவும் போயிருக்க வேண்டியவருக்கு ஏக்கர் இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. நூறு நாள் வேலை 150 நாளாக ஆனது, அவ்வளவுதான். கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2,500 கோடி டாலர் கொடுத்தபோது அதைச் சம்பளப் பணம் என்று பெயர் குறித்தே கொடுத்தது: 2020 செப்டம்பர் 30 வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கூடாது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இண்டிகோ முதலில் சம்பளத்தை வெட்டியது. ஜூலையில் பத்து சதவீத ஊழியர்களை நீக்குவதாக அறிவித்தது. சந்தையின் சொர்க்கம் என்று நாம் நினைக்கும் நாடு, நிவாரணத்தைத் தொழிலாளியின் பெயரில் எழுதத் தெரிந்து வைத்திருக்கிறது.

இப்போது டெல்டாவின் மேசைக்கு எதிர்ப்பக்கம் பழைய மிராசுதார் இல்லை. நிலம் கைமாறிவிட்டது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி வரிசையாக இறங்குகிறார்கள். கூலி கொடுப்பவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். அவர் விற்கும் விலையை அவர் வைப்பதில்லை. ஆகவே உண்மையான பேரம் வயலைவிட்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே முதலாளி நுகர்பொருள் வாணிபக் கழகம், அதாவது அரசு.

கொள்முதல் நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும். தூற்றிய நெல்லை அள்ளிச் சாக்கில் கொட்டி, 40 கிலோ எடை பார்த்து, வாயைத் தைத்து, முதுகில் ஏற்றி அட்டி போட்டு, பிறகு அதே அட்டியிலிருந்து லாரிக்கு ஏற்றுகிறவர் சுமைதூக்குபவர். நீண்ட காலம் இதற்கு மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசு. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு அது 10 ரூபாயாக உயர்ந்தது. லாரி வராத நாளில், சாக்கு இல்லாத நாளில், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல் திருப்பப்படும் நாளில் அவருக்கு மூட்டையும் இல்லை, ரூபாயும் இல்லை. கலத்துக்கு இவ்வளவு என்ற பழைய கணக்குத்தான் மூட்டைக்கு இவ்வளவு என்று வேட்டி மாற்றி நிற்கிறது. மூட்டைக்கு 40 ரூபாய் பிடுங்குகிறார்கள் என்று விவசாயிகள் போராடாத பருவம் கிடையாது. அந்தப் பணம் எத்தனை கை மாறுகிறது என்பது தனிக் கதை. ஆனால் முறையான முதலாளி கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காவிட்டால் மிச்சத்தை ரசீது இல்லாமல் யாரோ ஒருவர் கொடுக்கிறார். இங்கே அந்த யாரோ, மழைக்குப் பயந்து நெல்லைத் தார்ப்பாயில் மூடி வைத்துக்கொண்டு முறை வரக் காத்திருக்கும் குத்தகை விவசாயி.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 51 சதவீத உறுப்பினர் கொண்ட சங்கத்துடன் மட்டும் நிறுவனம் பேசினால் போதும் என்கிறது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக் குழு. பாதிப் பேர் ஒரே நாளில் கூட்டாக விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம், 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஜெட் விமானிகள் 2009-ல் செய்த மாதிரி இனி சுலபமில்லை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் விமானிக்கு எதிரே உட்கார ஒரு ஆளையாவது சட்டம் காட்டுகிறது. ஒரு பருவத்துக்கு வந்து அடுத்த பருவத்தில் இருப்போமா என்று தெரியாத கொள்முதல் நிலையத் தொழிலாளி, 51 சதவீதத்தை எந்த உறுப்பினர் பட்டியலில் காட்டுவார்?

அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் காலம் சரியில்லை என்ற பேச்சுக்கே இடம் இல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிறதோ தள்ளிப்போகிறதோ, குறுவை நெல் செப்டம்பர் கடைசியில் களத்துக்கு வந்தாக வேண்டும் என்பது வாணிபக் கழகத்துக்குத் தெரியும். அந்தப் பருவத்தின் மூட்டைக் கூலி, மூட்டை இல்லாத நாளுக்கான குறைந்தபட்சக் காத்திருப்புக் கூலி, இரண்டையும் நாற்று விடும்போதே சங்கங்களையும் விவசாயிகளின் பிரதிநிதிகளையும் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசி, ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் பலகையிலும் எழுதி வைக்கலாம். அறுவடை நடுவில், மழை இறங்கிய பிறகு, லாரிகள் வரிசையில் நிற்கும்போது பேசினால் அந்தப் பேச்சில் எல்லோருமே மிரட்டுகிறவர்களாகத்தான் தெரிவார்கள்.